உயிர்க்கசடு: கழிவுநீர்த் தூய்மை முறையின் வளர்ச்சியும் அதற்குரிய சொற்களும்

கட்டடப் பொறியியல் மாணவர்க்கென எழுதப்பெற்ற பாடநூல் ஒன்றின் கையெழுத்துப்படி சில ஆண்டுகளுக்கு முன் எம் பார்வைக்கு வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010ஆம் ஆண்டு முதல் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ் வாயிலாகவும் கற்பிக்கத் தொடங்கப்பெற்றமையை இவ்விதழ் படிப்போர் அறிவர். அவ்வகை மாணவர்க்குப் பயன்படுமாறு ஆக்கப்பட்டது அந்நூல். மொழி பிழையற அமைந்துள்ளதா என நோக்கித் தருதலே எமக்கிடப்பட்ட பணி. பொருளைப் பற்றி யாம் கவலுற வேண்டுவதில்லை என்றும் உடன் கூறப்பட்டது. இலக்கியம் பயின்றார்க்கு இடும் வேலை இவ்வளவே ஆதல் இயல்பு என்று யாமும் ஏற்றுக்கொண்டோம்.

கழிவுநீர்த் தூய்மை பற்றிய இயலில் ஒரு தொடர் எம்மைத் தடுத்து நிறுத்திற்று. கசடு பருத்துவிடின் அதனை மிகுதியாக அகற்றுதல் வேண்டும் என்பது அத்தொடரின் கருத்து. இலக்கண வழு யாதும் இல்லை. ஆயினும் பருத்தல் என்பது யாது? உடல் பருத்தது எனின் ஊனும் கொழுப்பும் மிகுந்தன, எடை கூடிற்று எனக் கொள்கின்றோம். கசடும் அவ்வாறு எடை கூடிற்றோ? பொறியியல் வல்லார் ஒருவரை அணுகி வினவினோம். எடை சிறிதும் கூடுவதில்லை. அதே எடையுள்ள கசடு இரு மடங்கும் மும்மடங்குமாக இடத்தை அடைத்துக்கொள்கின்றது, அவ்வளவே என்றார் அவர். அங்ஙனமாயின் 'பருத்தல்' என்னும் சொல் நோயின் பெயரையே பிறழக் கூறுகின்றது. நோயின் பெயர் பிறழ்ந்தால் மருந்தும் பிறழும். மருந்து பிறழ்ந்தால் கசடு ஆற்றிற் போய்ச் சேரும். சொல்லைத் திருத்தப் புகுந்த யாம் பொருளைக் கற்கத் தொடங்கியது இவ்வாறே. கற்றவற்றுள் முதன்மையானவற்றை ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

முதற்கண், கசடு என்னும் சொல். திருக்குறளின் கல்வி அதிகாரம் தன் தொடக்கத்திலேயே இச்சொல்லைக் குற்றம் என்னும் பொருளில் ஆள்கின்றது. அடியில் தங்கும் அழுக்கு என்னும் பொருளும் இதற்குண்டு. இரு பொருளிலும் கசடு நீக்கத்தக்கதே. ஆனால் இங்கே யாம் கூறப்போகும் கசடு நீக்கத்தக்கதன்று, போற்றிக் காக்கத்தக்கது. தூய்மை செய்யும் வினைமுதலே அதுதான். கையெழுத்துப்படியில் 'தூண்டப்பட்ட கசடு' என்று இருந்தது. யாரோ ஒருவர் வந்து தூண்டிவிட, அதன்பின் கசடு இயங்குவதுபோல் அத்தொடர் பொருள் தருகின்றது. அதனினும், உயிருள்ளது என்பதை வெளிப்படக் கூறும் 'உயிர்க்கசடு' என்னும் பெயர் நன்றென்று கருதி இக்கட்டுரை முழுவதும் அதனையே ஆள்கின்றோம். வண்டல் என்னும் அழகிய சொல்லை இதற்கு வைத்துக்கொள்ளலாகாதா என்றும் எண்ணினோம். ஆனால் மண்ணியலார் மணலுக்கும் களிமண்ணுக்கும் இடைப்பட்ட நுண்துகளுக்கு அச்சொல்லை முன்னரே எடுத்துக்கொண்டனர். எடுத்துக்கொண்டதைப் பறித்தல் முறையன்று.

நகரத்துக் கழிவுநீரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே அழுக்கு, எஞ்சியதெல்லாம் நீர். எனினும் அவ்வொரு பங்கு ஆற்றைக் கொல்ல வல்லது. அழுக்கை உண்ணும் நுண்ணுயிர்கள் ஆற்றில் பெருகி நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை மூச்சாக இழுத்துவிடுகின்றன. மீன்கள் மூச்சற்று மடிகின்றன. ஆதலின் அந்நுண்ணுயிர்கள் ஆற்றிற் செய்யும் வேலையை ஆற்றுக்கு வெளியே ஒரு தொட்டியிற் செய்வித்துவிட்டால் ஆறு பிழைக்கும். உயிர்வழித் தூய்மை முறைகள் அனைத்திற்கும் அடிப்படை இதுவே. எவ்வளவு தூய்மை போதும் என்பதற்கு ஓர் அளவுகோலை இங்கிலாந்தின் அரசு ஆணைக்குழு 1912இல் வகுத்தது. வெளிவிடும் நீர் ஒரு லிட்டரில் மிதக்கும் துகள் 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஐந்து நாளில் அந்நீர் இழுக்கும் ஆக்சிஜன் 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஆற்றுநீர் அதனை எட்டு மடங்கேனும் நீர்க்கச் செய்தல் வேண்டும். முப்பது என்னும் அவ்வெண்ணைப் படிப்போர் நினைவிற் கொள்க. பின்னர் அதனிடம் மீண்டும் வருவோம்.

அதே ஆண்டில் மான்செஸ்டரைச் சார்ந்த கில்பர்ட் ஃபவுலர் என்னும் வேதியியலார் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் ஆய்வு நிலையத்திற்குச் சென்றார். கழிவுநீருள் காற்றைச் செலுத்தி ஆங்குச் செய்துவந்த சோதனைகளைக் கண்டு திரும்பினார்; அவற்றை ஒத்த சோதனைகளைச் செய்யுமாறு மான்செஸ்டரின் டேவிஹும் கழிவுநீர் நிலையத்தில் பணிபுரிந்த எட்வர்டு ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் ஆகிய இருவரையும் தூண்டினார். அவர்கள் ஒரு கண்ணாடிப் புட்டியில் கழிவுநீரை நிரப்பிக் காற்றை இடைவிடாது ஊட்டினர். நீர் முற்றிலும் தூயதாக, அதாவது அதிலுள்ள அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாறிவிட, ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. ஐந்து வாரம் காற்றூட்டி எந்நகரின் கழிவுநீரைத் தூய்மை செய்தல் இயலும்? சோதனை ஈண்டு முடிந்திருப்பின் இம்முறை தோன்றியே இராது.

ஆனால் அவர்கள் தெளிந்த மேல்நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கியதை அவ்வாறே விட்டுவைத்தனர். புதிய கழிவுநீரை அதன்மேல் ஊற்றினர், மீண்டும் காற்றூட்டினர். இம்முறை காலம் குறைந்தது. மீண்டும் வடித்தனர், மீண்டும் நிரப்பினர். ஒவ்வொரு முறையும் அடிக்கசடு சிறிது சிறிதாகச் சேர்ந்தது. காலமோ படிப்படியாகச் சுருங்கிற்று. ஐந்து வாரம் ஒரு நாளாயிற்று. கசடு போதிய அளவு சேர்ந்தபின் சில மணி நேரமே போதியதாயிற்று. 1914 ஏப்ரல் 3ஆம் நாள் வேதியியல் தொழிற்கழகத்தின் மான்செஸ்டர்க் கிளையில் இம்முடிவுகளை அவர்கள் படித்தனர். அடிக்கசட்டுக்கு அவர்கள் இட்ட பெயரே இன்றளவும் உலகெங்கும் இம்முறைக்குரிய பெயராக வழங்குகின்றது.

தமிழ் அடுக்களையில் இதனை அறியாதார் இலர். பாலைத் தயிராக்கப் பழைய மோரில் ஒரு துளி இடுகின்றோம். அதனைச் சிலர் உறை என்பர். சில ஊரார் பிரை என்பர். நேற்றைய தயிரின் சிறுபங்கு இன்றைய பாலுக்குப் பிரையாகின்றது. டேவிஹும் புட்டியின் அடியில் தங்கியதும் பிரையே என்க. நேற்று உண்டு பெருகிய நுண்ணுயிர்க் கூட்டம் இன்றைய கழிவுநீருக்கு ஆயத்தமாக நிற்கின்றது. புதிதாகத் தோன்றி வளர வேண்டிய காலம் மிச்சமாகின்றது. வகுப்பறையில் இவ்வொப்புமையைக் கூறியபின் மாணவர் எவரும் ஐயுற்றதில்லை.

எனினும் உவமை முழுதும் ஒவ்வாத இடம் ஒன்றுண்டு. அவ்விடத்தை நோக்குதலே எம் நோக்கத்திற்கு மிகப் பயன்படுவது. தயிரில் இட்ட பிரை தயிரினுள்ளேயே கலந்துவிடுகின்றது. அதனைத் திரும்பப் பிரித்தெடுக்க வேண்டுவதில்லை. கழிவுநீரிலோ நீர் வேறு, பிரை வேறாகப் பிரிந்தாக வேண்டும். நீர் வெளியே செல்ல வேண்டும். பிரை உள்ளே தங்க வேண்டும். காற்றூட்டும் தொட்டியில் ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 3 கிராம், அதாவது 3000 மில்லிகிராம், உயிர்க்கசடு கலந்திருத்தல் பொதுவழக்கு. வெளியே விடும் நீரிலோ துகள் 30 மில்லிகிராமுக்கு மிகலாகாது என மேலே கண்டோம். ஆகவே கசட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீரினின்றும் பிரிந்து அடியிற் படிதல் வேண்டும். ஒரு பங்கு தவறலாம். இரண்டு பங்கு தவறினால் அளவுகோல் மீறப்பட்டது. கழிவுநீரில் உள்ள அழுக்கு முழுவதையும் நுண்ணுயிர்கள் உண்டு தீர்த்திருப்பினும், உண்டவை படியாமல் நீரோடு ஓடிவிடின் தூய்மை என்பதே இல்லை. தொட்டியின் ஆற்றல் உண்ணுதலில் இல்லை, படிதலில் உள்ளது என யாம் கூறுவது இதனாலேயே ஆகும். காற்றை மிகுதியாக ஊட்டினால் தூய்மை மிகும் என்று பலரும் கருதுகின்றனர். காற்று வேண்டும், ஐயமில்லை. ஒரு நிலையத்தின் மின்செலவில் பாதி அதற்கே சென்றுவிடுதலும் உண்டு. ஆயினும் நூறாண்டுகளாக இம்முறையைச் செப்பம் செய்தோர் மீண்டும் மீண்டும் வந்து நின்ற இடம் காற்றன்று, படிதொட்டி.

தனித்த பாக்டீரியம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினது. அஃது எளிதிற் படியாது. பல்லாயிரம் உயிர்கள் தாம் சுரக்கும் பசையால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டபோதே எடை பெற்றுக் கீழிறங்குகின்றன. இத்திரட்சியைத் திரளை எனலாம். டேவிஹும் புட்டியில் நிகழ்ந்ததை இப்பொழுது மீண்டும் எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் மேல்நீரை வடித்தபோது படியாத உயிர்கள் நீரோடு வெளியேறின. படிந்தவை மட்டுமே எஞ்சின. எஞ்சியவையே அடுத்த முறை பெருகின. கழனியில் நெல்லைத் தூற்றிப் பதரை ஒதுக்கி, விதைக்கு மணியை வைத்துக்கொள்ளும் உழவன் செயல்போல, வடித்தல் என்னும் செயல் படியும் உயிர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்தது. ஆர்டெர்னும் லாக்கெட்டும் இத்தேர்வை ஒரு கருவியாகக் கருதிச் செய்தனர் அல்லர். அது தானே நிகழ்ந்தது.

நிரப்பி வடிக்கும் அம்முறை நகரங்கட்கு ஒத்துவரவில்லை. கழிவுநீர் இரவும் பகலும் ஓடிவருவது. தொட்டிகளை மாறிமாறி நிரப்பவும் வாயில்களைத் திறந்து மூடவும் ஆட்கள் ஓயாது நிற்க வேண்டியிருந்தது. ஆகலின் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் 1916இல் தொடர்ந்து ஓடும் அமைப்பு கட்டப்பட்டது. ஒரு தொட்டியில் காற்றூட்டல். அதனையடுத்த தொட்டியில் படிதல். படிந்த கசட்டை எக்கி மீண்டும் முதல் தொட்டிக்குத் திருப்புதல். உலகின் பெருநகரங்கள் பலவும் இவ்வமைப்பையே பின்பற்றின. சென்னையின் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் கட்டப்பட்டனவும் இம்முறையைச் சார்ந்தனவே.

வேலை எளிதாயிற்று, ஆனால் தேர்வு நெகிழ்ந்தது. இந்நெகிழ்ச்சியின் பயனாகத் தோன்றியதே பாடநூலார் 'பருத்தல்' என எழுதிய நோய். நுண்ணோக்கியில் இதன் தோற்றம் தெளிவாகப் புலப்படும். நலமுற்ற திரளை உருண்டு செறிந்திருக்கும். நோயுற்ற திரளையினின்று நீண்ட இழைகள் நாற்புறமும் நீட்டிக்கொண்டிருக்கும். அவ்விழைகளும் பாக்டீரியங்களே, உயிரணுக்கள் முனையோடு முனை சேர்ந்து நூல்போல் வளர்ந்தவை. ஒரு திரளையின் இழைகள் அடுத்த திரளையைத் தாங்கிப் பிடிக்கின்றன. திரளைகள் நெருங்க இயலாமல், இடையில் நீரைச் சிறைப்படுத்திக்கொண்டு, மெத்தென நிற்கின்றன. வில்லாற் கொட்டிய பஞ்சு எடை மாறாமல் இடம் மட்டும் மிகுதியாக அடைப்பது போன்றது இது. இத்தகைய கசடு படிதொட்டியின் அடியில் நில்லாமல் மெல்ல மெல்ல மேலெழுந்து, ஒரு நாள் விளிம்பைக் கடந்து வெளியேறிவிடும்.

இதனை அளத்தற்கு 1934இல் சிகாகோவைச் சார்ந்த மோல்மன் வகுத்த அளவு இன்றும் வழங்குகின்றது. ஒரு லிட்டர்க் கண்ணாடிக் குழலில் காற்றூட்டு தொட்டியின் நீரை ஊற்றி 30 நிமிடம் அசையாது வைத்தல் வேண்டும். அடியில் கசடு எத்தனை மில்லிலிட்டர் இடம் கொண்டது என நோக்கி, அதனை அந்த லிட்டரில் உள்ள கசட்டின் எடையால் வகுக்க வரும் எண்ணே அவ்வளவு. 3 கிராம் கசடு 300 மில்லிலிட்டர் இடம் கொண்டால் எண் 100, நன்று. 150க்கு மேற்பட்டால் நிலையத்தார் கவலுறத் தொடங்குவர்.

நிலையம் ஒன்றிற்கு யாம் நேரிற் சென்று இச்சோதனையைக் கண்டோம். குழலைக் கையிலேந்திய பணியாளர் எண்ணைச் சொல்லவில்லை. 'இன்னும் உட்காரவில்லை, ஐயா' என்றார். மண்டி உட்காரட்டும் என்று வீடுகளில் நாம் கூறும் அதே வினைச்சொல். நோய் எடையைப் பற்றியதன்று, உட்கார்தலைப் பற்றியது என்பது அவர் வாய்மொழியிலேயே அடங்கியிருந்தது. இதனைக் கண்டபின் 'பருத்தல்' என்பதை அடித்துவிட்டு 'உப்பல்' என எழுதினோம். உப்பிய பொருளின் உள்ளீடு கூடியிருத்தல் வேண்டுவதில்லை என்பது எவர்க்கும் விளங்கும்.

உப்பலுக்கு நீண்டகாலம் செய்துவந்த மருந்து குளோரின். திரளைக்கு வெளியே நீட்டிய இழைகள் முதலில் நஞ்சுண்டு மடியும், உள்ளிருப்பவை தப்பும். ஆனால் இழைகள் எதனாற் பெருகினவோ அக்காரணம் அவ்வாறே இருத்தலின், நோய் சில வாரங்களில் மீளும். நெதர்லாந்தின் ஐகல்பூம் 1975இல் இழையுயிர்களை வகைப்படுத்தினார். அவற்றுட் பலவற்றுக்குப் பெயரே இல்லாமையால் எண்ணிட்டே குறித்தார். வகை 021 என் என்பது அவற்றுள் ஒன்று. பெயரிட இயலாதபோது எண்ணிட்டு நிறுத்திக்கொண்ட அவ்வடக்கத்தைக் கலைச்சொல் ஆக்குவோரும் சிறிது கற்றுக்கொள்ளலாம். எந்த இழை பெருகியது என அறிந்தால் காரணத்தை ஊகிக்கலாம்: சில ஆக்சிஜன் குறைந்த தொட்டியில் பெருகுவன, மைக்ரோத்ரிக்ஸ் என்பது கொழுப்பை விரும்புவது, குளிர்நாடுகளின் குளிர்காலத்தில் நுரையாய்ப் பொங்குவது.

காரணத்தின் வேரைத் தொட்டவர்கள் செக் நாட்டின் பிராகு நகரத்து ஆய்வாளர்கள். சுடோபாவும் அவருடன் உழைத்தோரும் 1973இல் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையில் ஒரு திருப்பம். உணவும் கசடும் முற்றிலும் கலந்துவிடும் தொட்டியில் இழைகள் பெருகுதலையும், நீண்ட கால்வாய்போல் பிரிவு பிரிவாக அமைந்த தொட்டியில் அவை ஒடுங்குதலையும் அவர்கள் காட்டினர். இதன் விளக்கம் எளிது. முற்றிலும் கலக்கும் தொட்டியில் உணவு எப்பொழுதும் உண்டு; ஆனால் எப்பொழுதும் நீர்த்தே இருக்கும். மிகக் குறைந்த உணவையும் தேடிப் பற்றுதலில் நீண்ட இழைக்கு வலிமை மிகுதி. திரளையுயிர்களோ நிறைந்த உணவைக் கண்டால் விரைந்து வாரி உட்கொள்ளவும், உண்டதை உடலுள் சேமித்து வைக்கவும் வல்லவை. ஆகவே திருப்பிய கசடு புதிய கழிவுநீரைச் சிறிய தொட்டி ஒன்றில் முதலிற் சந்திக்குமாறு செய்தல் வேண்டும். அங்குச் சில நிமிடம் உணவு மிகச் செறிந்திருக்கும். திரளையுயிர்கள் உண்டு நிறைந்துவிடும். அதன்பின் பெரிய தொட்டியில் பல மணி நேரம் பசி. சேமிப்புடையவை அப்பசியைத் தாங்கும்; இழைகளுக்கோ எஞ்சியது ஒன்றுமில்லை. இச்சிறு தொட்டியைத் தேர்தொட்டி எனலாம். விருந்தும் பசியும் மாறிமாறி வருதல் டேவிஹும் புட்டியிலும் உண்டு என்பதைக் கூர்ந்து நோக்குக. நிரப்பியவுடன் விருந்து, வடிக்குமுன் பசி. தொடர் ஓட்டத்தில் இழந்ததைத் தேர்தொட்டி ஒரு பங்கு மீட்டுத் தந்தது.

இவ்வரலாற்றில் நம் நாட்டார்க்கும் இடமுண்டு. முன்னர்க் கூறிய ஃபவுலர் 1916இல் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்திற்கு வந்து சேர்ந்தார். கழிவுநீர் ஆராய்ச்சி ஆங்கு வேரூன்றிற்று. அக்கழகத்தின் பிள்ளை, சுப்பிரமணியன் ஆகிய இருவரும், பாக்டீரியங்களினும் பெரிய ஓரணுவுயிர்களாகிய புரோட்டோசோவாக்கள் கழிவுநீர்த் தூய்மையில் ஆற்றும் பங்கினை 1942இல் 'நேச்சர்' இதழில் எடுத்துரைத்தனர். திரளையில் ஒட்டாமல் தனித்து நீந்தும் பாக்டீரியங்களை இவை உண்டுவிடுதலால் மேல்நீர் தெளிகின்றது. அக்காலத்தே மேனாட்டார் பலர் இதனைப் பெரிதாகக் கருதவில்லை. 1968இல் இங்கிலாந்தில் கர்ட்ஸும் பிறரும் இவ்வுயிர்கள் உள்ள தொட்டியையும் இல்லாத தொட்டியையும் ஒப்பிட்டு, இல்லாத தொட்டியின் நீர் கலங்கியே நிற்றலைக் காட்டினர். பெங்களூரார் கண்டது பிழைபடவில்லை.

அதனினும் பெரியது 1959ஆம் ஆண்டின் குறிப்பு. ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை ஆகிய மூவர், உயிர்க்கசடு கழிவுநீரிலுள்ள பாஸ்பரஸை மிக விரைவாக உள்வாங்கிக்கொள்ளுதலைக் கண்டு, 'எக்ஸ்பெரியென்ஷியா' என்னும் இதழில் இரண்டே பக்கங்களில் வெளியிட்டனர். பாஸ்பரஸ் ஏரிகளிற் புகுந்தால் பாசி பெருகி நீரைக் கெடுக்கும். அதனை வேதிப்பொருள் இட்டு வீழ்த்தாமல் உயிர்களைக் கொண்டே அகற்றலாம் என்பதற்கு முதற் சான்றுகளுள் ஒன்று அவ்விரண்டு பக்கம். அமெரிக்காவில் லெவினும் ஷாபிரோவும் 1965இல் இதனை மேலும் ஆராய்ந்தனர். 1970களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் நைட்ரஜனை அகற்ற முயன்றுகொண்டிருந்த பார்னார்டு, தம் சோதனை நிலையத்தில் பாஸ்பரஸும் குறைதலைக் கண்டு, காரணத்தை நாடி, காற்றும் நைட்ரேட்டும் இல்லாத பகுதி ஒன்று கசட்டின் வழியில் முதலில் அமைய வேண்டும் என்னும் விதியைக் கண்டறிந்தார்.

அவ்விதி ஏன் செயற்படுகின்றது? காற்றில்லாத இடத்தில் பெரும்பாலான உயிர்கள் உணவைக் கண்டும் உண்ண இயலாது. ஒருவகை உயிர்கள் மட்டும் தம்முள் மணிமணியாகச் சேர்த்துவைத்துள்ள பாஸ்பேட்டைச் சிதைத்து, அதனாற் பெறும் ஆற்றலைக்கொண்டு உணவை உள்ளிழுத்துச் சேமிக்கின்றன. அப்பொழுது நீரில் பாஸ்பரஸ் குறைவதற்கு மாறாகக் கூடுகின்றது! காற்றுள்ள இடத்திற்கு வந்தபின் சேமித்த உணவை எரித்து, வெளிவிட்டதனினும் மிகுதியான பாஸ்பேட்டை உள்வாங்குகின்றன. அவற்றை மிகைக்கசடாக எடுத்துவிடின் பாஸ்பரஸும் உடன் போகும். வட்டிக்குக் கடன் கொடுத்து முதலும் வட்டியுமாகத் திரும்பப் பெறும் வணிகனை இவ்வுயிர்கள் நினைவூட்டுகின்றன. இதில் வேறோர் ஊதியமும் உண்டு. உடலுள் பாஸ்பேட் மணிகளைச் சுமந்த உயிர் கனமானது. கனமானது நன்கு படிகின்றது. பாஸ்பரஸை அகற்ற வகுத்த வழி, படிதலுக்கும் துணையாயிற்று.

நைட்ரஜனை அகற்றுதல் பற்றி விரிப்பின் பெருகும். ஒன்று மட்டும் கூறுவோம். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியங்கள் மிக மெல்லப் பெருகுபவை. மிகைக்கசட்டை நாள்தோறும் எடுக்கும் வேகம் அவை பெருகும் வேகத்தை மிஞ்சினால் அவை தொட்டியினின்றும் அற்றுப்போகும். ஆகவே கசடு தொட்டியில் சராசரி எத்தனை நாள் தங்குகின்றது என்பதைக் கணக்கிட்டு ஆளுதல் வேண்டும். இதனைக் கையெழுத்துப்படி 'கசட்டு வயது' என்றது. 'கசட்டின் அகவை' என்று மாற்ற முற்பட்ட யாம், பிறகு 'வயது' என்பதையே விட்டுவிட்டோம். வழங்கும் சொல்லில் குறையில்லாதபோது அதனை மாற்றுதல் வீண் வேலை.

இறுதியாகக் குருணை. நிரப்பி வடிக்கும் முறை முற்றும் அழிந்துவிடவில்லை. நெதர்லாந்தின் வோர்ஸ்கோட்டன் ஊரில் 1954இல் பஸ்வீர் அமைத்த வட்டக் கால்வாய், காற்றூட்டலை நிறுத்திக் கால்வாயிலேயே கசட்டைப் படியவிடும் முறையில் இயங்கிற்று. தானியங்கும் வாயில்கள் வந்தபின், ஆட்கள் ஓயாது நிற்க வேண்டிய இடர்ப்பாடு நீங்கவே, அமெரிக்காவில் இர்வின் முதலியோர் 1970களில் அம்முறையை மீண்டும் எடுத்தனர். டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹெய்னன், வான் லோஸ்டிரெக்ட் ஆகியோரின் ஆய்வுக்குழு அதனை ஓரடி மேலே கொண்டுசென்றது. படிவதற்குத் தரும் நேரத்தைச் சில நிமிடமாகச் சுருக்கினர். அதற்குள் படிந்தவை தங்கலாம். படியாதவை நீரோடு போகலாம். செறிந்த கழிவுநீரைப் படிந்த கசட்டின் அடியிலிருந்து மெல்லச் செலுத்தி முதலில் விருந்தளித்தனர். பின்னர்க் காற்றூட்டிப் பசியளித்தனர். மேலே கூறிய இரு தேர்வுகளும் இவ்வாறு ஒரே தொட்டியில் இணைந்தன. விளைந்தது திரளையன்று, உருண்டு இறுகிய மணி. நெதர்லாந்தின் எப்பெ நகரில் 2012 முதல் நகரக் கழிவுநீர் இம்முறையால் தூய்மை பெறுகின்றது.

திரளை மணிக்கு ஓரிரு மீட்டர் இறங்கும் இடத்தில் இம்மணிகள் பத்து மீட்டருக்கு மேல் இறங்குகின்றன. முப்பது நிமிடத்தில் அவை கொள்ளும் இடத்தைப் பத்து நிமிடத்திலேயே கொண்டுவிடுகின்றன. ஆதலின் தனியே படிதொட்டி வேண்டுவதில்லை. கசட்டை எக்கித் திருப்பவும் வேண்டுவதில்லை. மணியின் புறத்தே ஆக்சிஜன் உண்டு, அகத்தே இல்லை. ஆகவே அம்மோனியாவை மாற்றுவனவும் நைட்ரேட்டைச் சிதைப்பனவும் ஒரே மணியில் அடுத்தடுத்து வாழ்கின்றன. குறை இல்லாமலும் இல்லை. மணிகள் உருவாகப் பல மாதம் ஆதல் உண்டு. படியாத நுண்துகள் நீரோடு சிறிது செல்லுதலும் உண்டு. நீரின் அளவு நாளுக்கு நாள் பெரிதும் மாறும் ஊரில் தொட்டிகளின் முறைமாற்றத்தைக் கருத்தோடு வகுத்தல் வேண்டும்.

இதற்குக் கையெழுத்துப்படி இட்ட பெயர் 'துகள் கசடு'. துகள் என்றால் பறப்பது, தூசு; இதுவோ இறங்குவது. அரிசி குத்தும்போது நொறுங்கி உமியோடு பறக்காமல் முறத்தில் தங்குவதைக் குருணை என்கின்றோம். ஏறத்தாழ அவ்வளவினவே இம்மணிகளும். 'குருணைக் கசடு' என எழுதி ஓரத்தில் விளக்கமும் சேர்த்து அனுப்பினோம். நூலாசிரியர் அதனை மறுப்பின்றி ஏற்றார். 'உப்பல்' பற்றி இருமுறை மடல் எழுத வேண்டியிருந்தது. பருத்தல் என்னும் சொல் முந்தைய வினாத்தாள்களில் வந்துவிட்டது, மாணவர் குழம்புவர் என்பது அவர் கூறிய தடை. முடிவில் இரு சொல்லையும் ஒருங்கே அச்சிட்டு, எடை கூடுவதன்று, இடம் கூடுவதே என்னும் ஒரு வரியை அடியிற் சேர்ப்பதாக இசைந்தார். கசட்டை மிகுதியாக அகற்றுக என்னும் தொடர் நீக்கப்பட்டது. அவ்விடத்தில் நுண்ணோக்கியில் இழையை நோக்குக, ஆக்சிஜனை அளந்து பார்க்க, அதன்பின் மருந்து நாடுக என மூன்று தொடர்கள் இடம்பெற்றுள்ளன.